மறுத்தலும் களைதலும்: பாலாற்றுத் தோல் வழக்கை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் ‘மறுப்பு’ என்னும் சொல் இரு வேறு செயல்களுக்குப் பெயராக வழங்குகிறது. ஒருவர் கூறிய கருத்துக்கு மாறான கருத்தை எடுத்துரைப்பதும் மறுப்பு எனப்படுகிறது. அவர் கருத்து நிலைபெறாது என்று காரணம் காட்டி நிறுவுவதும் மறுப்பு எனப்படுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், முன்னதைச் செய்தவர் பின்னதையும் செய்துமுடித்தவராகக் கருதப்படுகிறார். ஆய்வேடுகளில் ‘இக்கருத்து அறிஞர்களால் மறுக்கப்பட்டுவிட்டது’ என்ற தொடர் வரும் இடங்களைத் தேடிச் சென்றால், எதிர்க்கருத்து ஒன்று எங்கோ வெளியாகியுள்ளது என்பதற்கு மேல் அத்தொடருக்குப் பொருள் இல்லாதிருப்பது பலகாலும் புலப்படும்.

இக்குழப்பம் கல்விக்கூடத்தின் சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களைச் சார்ந்த தோல் தொழில் வட்டாரத்தில், கிணற்று நீர் கெட்டது குறித்து நடந்த நெடிய வாதம் இதற்குத் தக்க சான்று. அவ்வாதம் ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம்’ என்னும் வழக்காக உச்ச நீதிமன்றத்தை அடைந்து, 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்புப் பெற்றது. சுற்றுச்சூழல் சட்டத்தின் வரலாற்றில் இத்தீர்ப்புப் பெரிதும் பேசப்பட்டுள்ளது. வாதமுறையின் வரலாற்றிலும் இதற்கு இடம் உண்டு என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

தமிழ் இலக்கணமும் தமிழ்க் காப்பியமும் தரும் தருக்கக் கருவிகளைக் கொண்டு அவ்வழக்கின் வாத அமைப்பை இக்கட்டுரை நோக்குகிறது. மறுத்தலுக்கும் களைதலுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தால் மட்டும் போதாது. களைய வேண்டிய கடமை யாருக்குரியது என்பதும் தெளிவாக வேண்டும். அக்கடமை சான்றைத் தம் கையில் வைத்திருப்போர்க்கே முதற்கண் உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

மரபு காட்டும் வேறுபாடு

நன்னூலின் பாயிரம் நூலாசிரியர் கொள்ளத்தகும் மதங்களை ஏழு என வகுக்கிறது. உடன்படுதல் முதலாவது, மறுத்தல் இரண்டாவது. பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல் என்பது மூன்றாவதாகத் தனியே எண்ணப்பட்டுள்ளது. மறுத்தலும் களைதலும் ஒன்றெனில் பவணந்தி முனிவர் இரண்டையும் வேறாக எண்ணியிருக்க வேண்டுவதில்லை. பிறர் கருத்தை ஏலாது என விலக்கித் தன் நிலையில் நிற்பது மறுத்தல். பிறர் கருத்துக்குள் ஒருமுறை புகுந்து, அதனை அவர் கொண்டபடியே கொண்டு, அதன் வழியே சென்று, அது தன் இலக்கை அடையாமல் முறிவதைக் காட்டி நீக்குவது களைதல். களைதல் என்னும் சொல்லாட்சியே இங்குக் கருதத்தக்கது. களையெடுப்பவர் வயலுக்குள் இறங்கியாக வேண்டும். வரப்பில் நின்று களை வேண்டா என்று கூறுவதால் களை நீங்குவதில்லை.

தொல்காப்பிய மரபியலில் கூறப்படும் உத்திகளுள்ளும் மறுதலையைச் சிதைத்துத் தன் துணிபை உரைத்தல் என ஒன்று உண்டு. அங்கும் முறைவைப்புத் தெளிவானது: மறுதலை சிதைய வேண்டும், அதன் பின்னரே தன் துணிபு உரைக்கப்பட வேண்டும். துணிபை உரைத்ததனாலேயே மறுதலை சிதைந்துவிடும் என்று தொல்காப்பியம் கருதவில்லை.

சமய வாத நூல்கள் இம்முறையைச் செயலில் காட்டின. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பரபக்கத்தில் பிற மதம் ஒவ்வொன்றையும் முதலில் கூறி, அதன் மறுதலையை அடுத்து வைக்கிறது. எதிர்தரப்பின் கூற்றை எடுத்துரைக்காமல் அதற்கு விடை கூற முற்படும் வழக்கம் அந்நூலின் அமைப்பிலேயே இடம்பெறவில்லை. பரபக்கம் முடிந்த பின்னரே தன் கொள்கையைக் கூறும் சுபக்கம் தொடங்குகிறது.

இவ்வேறுபாட்டை மிக நுட்பமாகக் காட்டுவது மணிமேகலை. ‘தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதை’யில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் விளக்குகிறார். ஏதுப்போலி அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படும். அநைகாந்திகத்தின் உட்பிரிவுகள் ஆறனுள் இறுதியானது விருத்தவியபிசாரி. ஒலி நிலையற்றது என ஒருவர் கூறுகிறார். செயலால் தோன்றுவது என்பது அவர் காட்டும் ஏது, குடம் அவர் காட்டும் திட்டாந்தம். ஒலி நிலையானது என மற்றொருவர் கூறுகிறார். செவிக்குப் புலனாவது என்பது அவர் ஏது, ஒலித்தன்மை அவர் திட்டாந்தம். இருவரும் தத்தம் பக்கத்துக்கு ஏதுவும் திட்டாந்தமும் காட்டிவிட்டனர். எவரும் மற்றவர் ஏதுவைத் தொடவில்லை. இந்நிலையில் இரு ஏதுக்களும் துணிவு தாரா என்பதே மணிமேகலை காட்டும் முடிபு.

இம்முடிபின் உட்கிடை ஆழமானது. எதிர்க்கருத்தும் அதற்கொரு காரணமும் முன்வைக்கப்பட்டதால் முதற்கருத்து வீழ்வதில்லை. இரண்டும் ஐயத்தில் நிற்கின்றன. காரணத்தோடு கூடிய மறுப்பும் மறுப்பாகவே இருக்கக்கூடும், களைதலாக அமையாது என்பதை இதனினும் சுருங்கக் காட்டுதல் அரிது.

பாலாற்றங்கரையில் எழுந்த வாதம்

கருநாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை வழியாகக் கிழக்கே சென்று வயலூர் அருகே கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறு. அம்மணலின் அடியில் ஓடும் ஊற்றே கரையோர ஊர்களின் குடிநீருக்கும் பாசனத்துக்கும் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. இதே கரையில்தான் தோல் பதனிடும் தொழிலும் வளர்ந்தது. ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோல் இங்கிருந்து அயல்நாடுகளுக்குச் சென்றது. 1970களில் பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை ஒன்றிய அரசு கட்டுப்படுத்தி, முடிவுற்ற தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தபோது, குரோமியப் பதனிடலும் அதனுடன் வரும் வேதிப்பொருள்களும் பெருகின.

கெடுதியின் இயல்பை உணர்ந்தாலன்றி வாதத்தின் இயல்பு விளங்காது. அழுகாதிருக்க உப்பிட்டு வரும் தோல் ஆலையில் முதலில் ஊறவைக்கப்படும். அவ்வுப்பு முழுவதும் நீரில் இறங்கும். பின்னர்ச் சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு மயிர் நீக்குவர். அதன் பின் உருளைகளில் குரோமிய உப்புச் சேர்ப்பர். ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், குரோமிய முறையில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதையும் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்புக் குறிப்பிடுகிறது. கழிவுநீரில் உள்ள உயிர்ச்சத்துக் கழிவை நுண்ணுயிரிகளைக் கொண்டு குறைக்கலாம். கரைந்த உப்பு அவ்வாறு நீங்காது. அதற்கு எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் வேண்டும். இரண்டுக்கும் செலவு மிகுதி. ஆகவே வாதத்தின் நடுவில் நின்றது உப்பு.

உழவர் தரப்பின் கூற்று எளியது: கிணறு உவர்த்துவிட்டது, ஆலை நீரே அதற்குக் காரணம். ஆலைத் தரப்பின் கூற்றுகள் பலவாக அமைந்தன. வரையறுக்கப்பட்ட அளவுகள் நியாயமற்றவை என்பது ஒன்று. தொழில் அயல்நாட்டுச் செலாவணியும் பல்லாயிரவர்க்கு வேலையும் தருகிறது என்பது மற்றொன்று. மழைக்குறைவு, மணற்கொள்ளை, நகரச் சாக்கடை ஆகியனவும் ஆற்றைக் கெடுத்தன என்பது இன்றுவரை பொதுவெளியில் ஒலிக்கும் வேறொன்று. இக்கூற்றுகள் அனைத்தும் மறுப்புகளே. இவற்றுள் எவை களைதல் ஆயின என்பதே வினா.

வழக்கில் வெளிப்பட்ட வாதமுறைகள்

1991ஆம் ஆண்டின் 914ஆம் எண் நீதிப்பேராணை மனுவாகப் பதிவான இவ்வழக்கு, வேலூர் வட்டாரத்தோடு நில்லாமல் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி, செங்கற்பட்டுப் பகுதிகளின் ஆலைகளையும் உட்படுத்தி விரிந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு இதனை விசாரித்தது. தீர்ப்பில் பதிவாகியுள்ள வாதங்களுள் மூன்று இங்கு ஆராயத்தக்கவை.

முதலாவது, கரைந்த திடப்பொருள்களின் அளவு பற்றியது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த அளவு நியாயமற்றது என ஆலைகள் வாதிட்டன. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திடம் (நீரி) இவ்வினா அனுப்பப்பட்டது. 1996 ஜூன் 11 நாளிட்ட அறிக்கையில் அந்நிறுவனம் அளித்த விடை வாதமுறை நோக்கில் சிறப்புடையது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுக்கு இத்தகைய உப்புகள் குறித்து ஒன்றிய அமைச்சகம் திட்டவட்டமான அளவு எதனையும் விதிக்கவில்லை என்பதை அது மறைக்கவில்லை. அளவு விதிக்கப்படாமையாலேயே, அந்தந்த இடத்தின் நிலைக்கேற்ப முடிவு செய்யும் பொறுப்பு மாநில வாரியத்தைச் சாரும். வாரியம் விதித்த அளவு அந்த அடிப்படையில் தக்கதே என அது முடித்தது. ஆலைத் தரப்புக்கு வலுவாகத் தோன்றக்கூடிய ஒரு மெய்ம்மையை ஏற்றுக்கொண்டு, அம்மெய்ம்மையிலிருந்தே எதிர்முடிபு பெறப்படுவதை அவ்வறிக்கை காட்டியது. பிறர் மதம் மேற்கொண்டு களைதல் என நன்னூல் கூறுவதற்கு இக்காலத்து எடுத்துக்காட்டாக இதனைக் கொள்ளலாம்.

இரண்டாவது, செலாவணி பற்றியது. முடிவுற்ற தோலின் ஏற்றுமதியில் நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது எனத் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. இங்கு நீதிமன்றம் எதிர்தரப்பின் கூற்றை மறுக்கவும் இல்லை, களையவும் இல்லை, உடன்பட்டது. உடன்பட்ட பின், செலாவணி ஈட்டுவதால் சூழலைக் கெடுக்கும் உரிமை வந்துவிடாது என வரம்பு கட்டியது. ‘தொழில் பயனுடையது’ என்பது ‘நீர் கெட்டது’ என்பதற்கு மாறான கூற்றே அன்று. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கக் கூடும். மாறல்லாததை மாறாகக் காட்டும் இவ்வாதம் தோல் வட்டாரத்தில் மட்டுமன்றி, வளர்ச்சி குறித்த எல்லா வாதங்களிலும் தலைகாட்டுகிறது. களைய வேண்டாததைக் களைய முயன்று வலுவிழப்பது இத்தகைய இடங்களில் நேரும் பிழை.

மூன்றாவது, உழவர் தரப்புச் சான்றின் இயல்பு. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்னும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணிப்புத் தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் தொண்டு அமைப்பு ஒன்று நடத்திய கணக்கெடுப்பும் இடம்பெற்றுள்ளது: குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன. இவ்விரண்டாம் கணக்கின் வலிமை 350 என்ற எண்ணில் மட்டும் இல்லை. எஞ்சிய 117 கிணறுகளையும் அது எண்ணியிருப்பதில் உள்ளது. கெட்டவற்றை மட்டும் பட்டியலிடுவது தன் பக்கத்துக்குத் திட்டாந்தம் தேடுவதோடு நின்றுவிடும். கெடாதவற்றையும் எண்ணுவது, எதிர்தரப்பு வந்து சோதிப்பதற்கு வழி திறந்துவைப்பது. கெடாத கிணறுகள் எங்குள்ளன, ஆலைக்கும் அவற்றுக்கும் தொலைவு யாது, நிலச்சரிவு எத்திசையில் என்ற வினாக்களுக்கு அது இடம் தருகிறது. தன்னைக் களைவதற்குரிய வழியைத் தானே காட்டும் கூற்றே ஆய்வுக்குரிய கூற்று.

‘சாக்கடையும் காரணம்’ என்ற வாதத்தை இந்நோக்கில் எடைபோடலாம். ‘ஆலை நீர் மட்டுமே காரணம்’ என ஒருவர் கூறியிருந்தால், வேறொரு காரணத்தைச் சுட்டுவது அக்கூற்றைக் களையும். ‘ஆலை நீர் ஒரு காரணம்’ என்பதே உழவரின் கூற்றாயின், சாக்கடையைச் சுட்டுவது அதனைத் தொடுவதே இல்லை. அதனைக் களைய வேண்டுமெனில், அதே பாறை அமைப்பும் அதே மழையும் உடைய, ஆலை இல்லாத ஊரின் கிணறுகளும் அவ்வாறே உவர்த்திருப்பதைக் காட்ட வேண்டும். அல்லது ஆலை வருமுன்பே அக்கிணறுகள் உவர்த்திருந்தமைக்குச் சான்று தர வேண்டும். எதிர்தரப்பின் கூற்றை அவர் கூறிய வடிவில் நிறுத்தாமல், களைவதற்கு எளிதான வடிவில் திரித்து நிறுத்துவது மறுப்பின் மிகப் பழைய தந்திரம்.

மெய், பொய், இடைநிலை

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 3ஆம் பிரிவில் மூன்று நிலைகளைத் தனித்தனியே வரையறுத்தது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படாதது. மெய்ப்பிக்கவும் படாமல் பொய்ப்பிக்கவும் படாமல் நிற்பதே மூன்றாம் நிலை. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டமும் இம்முப்பிரிவைக் கைக்கொண்டுள்ளது. விருத்தவியபிசாரியால் விளையும் ஐயநிலை இம்மூன்றாவதற்கு நெருங்கியது. மறுத்தல் ஒரு கருத்தை மூன்றாம் நிலையில் நிறுத்தலாம். இரண்டாம் நிலைக்குக் கொண்டுசெல்வது களைதல் மட்டுமே.

களைதலிலும் இரு படிகள் உண்டு. ஒருவர் காட்டிய ஏதுவை வீழ்த்துவது ஒரு படி. அவர் பக்கத்தையே பொய் என நிறுவுவது அடுத்த படி. முதற்படியில் ஏறியவர் இரண்டாம் படியிலும் ஏறிவிட்டதாகக் கருதுவது கற்றோரிடமும் காணப்படும் மயக்கம். இராணிப்பேட்டை இதற்கு எடுத்துக்காட்டுத் தருகிறது. அங்குள்ள சிப்காட் வளாகத்தில் இயங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அக்கழிவில் உள்ளது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். தோல் பதனிடலில் பயன்படுவதோ மூன்று இணைதிறன் கொண்டது. அப்பகுதிக் கிணறு ஒன்றில் ஆறு இணைதிறன் குரோமியம் இருப்பதைக் காட்டி, ‘ஆகவே அருகிலுள்ள டேனரியே கெடுத்தது’ என ஒருவர் வாதிட்டால், அந்த ஏது நில்லாது. குரோமேட் கழிவு அதற்கு நேரான காரணமாக அமையக்கூடும். ஆயினும் ஏது வீழ்ந்ததனால் ‘டேனரியால் கெடுதி இல்லை’ என்பது நிறுவப்பட்டதாகாது. உப்பு என்னும் வேறு ஏது தொடப்படாமலேயே நிற்கிறது. உழவர் சார்பில் எழுதுவோர் வலுவற்ற ஏதுவைக் கைவிட அஞ்ச வேண்டுவதில்லை. ஆலைச் சார்பில் எழுதுவோர் அதனைக் கைப்பற்றியதும் வாதம் முடிந்ததாக மகிழவும் இடமில்லை.

சுமை யாருக்குரியது

இதுவரை கூறியன வாதிடும் இருவரும் நிகரானவர் என்னும் எடுகோளில் அமைந்தவை. மணிமேகலையின் வாத அரங்கில் இருவர்க்கும் ஒலி ஒருங்கே கேட்கும். குடம் ஒருங்கே தெரியும். பாலாற்றங்கரையில் நிலை அவ்வாறில்லை. எந்த வேதிப்பொருள் எத்தனை கிலோ உருளைக்குள் சென்றது, எவ்வளவு நீர் வெளியேறியது என்பன ஆலையின் பேரேட்டில் இருப்பவை. உழவருக்குத் தெரிவன கிணற்று நீரின் சுவையும் கருகிய நாற்றும் மட்டுமே. இவ்விருவருள் உழவர்மீது மெய்ப்பிக்கும் சுமையை வைத்தால், ஆலைத் தரப்புக்கு மறுத்தலே போதும். ஒவ்வொரு சான்றுக்கும் ‘இது போதாது’ எனக் கூறிக்கொண்டிருந்தால் கூற்று என்றும் மூன்றாம் நிலையிலேயே நிற்கும். அது அங்கே நிற்கும் ஒவ்வோர் ஆண்டும் உப்பு நிலத்தில் இறங்கிக்கொண்டே இருக்கும்.

1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வாதமுறைச் சிறப்பு இங்கேதான் உள்ளது. முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்ற நீதிமன்றம், அதற்கு மூன்று கூறுகளை வகுத்தது. அரசும் அதன் அமைப்புகளும் கெடுதியின் காரணங்களை முன்னறிந்து தடுக்க வேண்டும்; மீளமுடியாத கெடுதிக்கு அச்சம் உள்ள இடத்தில் அறிவியல் உறுதியின்மையைக் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது; தன் செயல் சூழலுக்குத் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் சுமை தொழில் நடத்துவோரையே சாரும். இரண்டாம் கூறு, 1992ஆம் ஆண்டின் ரியோ பிரகடனத்தோடு ஒத்துச் செல்வது. மூன்றாம் கூறு வாதத்தின் விதியையே மாற்றியது. அதன் பின் ஆலைத் தரப்புக்கு மறுத்தல் போதாது, களைதல் கடமையாயிற்று. 1999ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொடர்பான நாயுடு வழக்கில் நீதிபதி ஜெகந்நாத ராவ் இச்சுமை மாற்றத்தின் காரணங்களை மேலும் விரித்துரைத்தார்.

இதற்கு எதிராக ஒரு தடை எழுப்பப்படலாம். சுமையை மாற்றுவது உண்மையை மாற்றுவதாகுமா? ஆகாது. சுமை ஆலைமீது உள்ளது என்பதனால் உழவரின் ஒவ்வொரு கூற்றும் மெய்யாகிவிடுவதில்லை. ஐயம் தீராத காலத்தில் இழப்பை யார் தாங்குவது என்பதையே சுமை தீர்மானிக்கிறது. ஒலி நிலையானதா என்ற வாதம் நூற்றாண்டுகள் நீளலாம். அதனால் எவர் கிணறும் கெடாது. குடிநீர் பற்றிய வாதத்தில் காலத்தாழ்வே ஒரு தரப்புக்கு வெற்றியாகிவிடுகிறது. ஆகவே தருக்கம் ‘துணிவில்லை’ என நிறுத்தும் இடத்தில், அறம் ‘அதுவரை யார் பொறுப்பது’ எனக் கேட்க வேண்டியுள்ளது.

தீர்ப்பாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. பாதிப்பை மதிப்பிட்டு இழப்பீடு வழங்குவதற்கென ஓர் ஆணையம் அமைக்கத் தீர்ப்பு ஆணையிட்டது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அமர்வு, வேலூர் வட்டார மாசு குறித்து மீண்டும் விரிவாக ஆணையிட நேர்ந்தது. இழப்பீடு பெறாதோருக்கு அதனை வழங்கவும், உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் அத்தீர்ப்புப் பணித்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. வாதத்தில் களையப்பட்ட ஒரு நிலைப்பாடு நடைமுறையில் எத்துணை நெடிது வாழக்கூடும் என்பதற்கு இது சான்று.

தமிழ் ஆய்வுக்குக் கிடைக்கும் பாடம்

இவ்வழக்கிலிருந்து தமிழ் ஆய்வு கொள்ளத்தக்கவை உண்டு. தொல்காப்பியத்தின் காலம் குறித்த வாதத்தை நோக்குக. ஒரு தரப்பு மொழிக்கூறுகளை ஏதுவாகக் காட்டி முற்காலத்தது என்கிறது. மற்றொரு தரப்பு வேறு மொழிக்கூறுகளையும் எழுத்துச் சான்றுகளையும் ஏதுவாகக் காட்டிப் பிற்காலத்தது என்கிறது. எதிர்தரப்பின் ஏதுவை எடுத்துக்கொண்டு, அவ்வேது அக்காலத்தைத் தராது எனப் படிப்படியாகக் காட்டிய கட்டுரைகள் சிலவே. தன் ஏதுவைக் கூறி, எதிர்தரப்பை ஓர் அடைமொழியால் கடந்து செல்வன பல. விளைவு, விருத்தவியபிசாரியே. தலைமுறைகள் கடந்தும் வாதம் நின்ற இடத்திலேயே நிற்பதற்குச் சான்றுக்குறைவு மட்டும் காரணமன்று.

ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளர்களும் ஆய்வேட்டு நெறியாளர்களும் மூன்று வினாக்களை வழக்கமாக்கிக்கொள்ளலாம். எதிர்க்கருத்து, அதனைக் கூறியவர் ஏற்கும் வடிவில் எடுத்துரைக்கப்பட்டுள்ளதா? தொடப்பட்டது அவர் பக்கமா, அன்றி அவர் ஏதுவா? ஏது வீழ்ந்த பின் எஞ்சுவது ‘பொய்’ என்னும் முடிபா, ‘மெய்ப்பிக்கப்படவில்லை’ என்னும் முடிபா? இம்மூன்றுக்கும் விடை தராத கட்டுரை எதிர்க்கருத்துரையாக வெளிவரலாம். ‘மறுக்கப்பட்டது’ என மேற்கோள் காட்டும் தகுதி அதற்கு இல்லை.

நான்காவது வினா, சுமை பற்றியது. ஓலைச்சுவடியையோ, வெளியிடப்படாத கல்வெட்டுப் படியையோ, அகழாய்வுக் குறிப்பையோ தம் பொறுப்பில் வைத்திருப்போர், அவற்றைக் காணாத ஒருவரின் கருத்தை ‘ஆதாரமற்றது’ என ஒரு சொல்லில் தள்ளுவது, பேரேட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு உழவரிடம் சான்று கேட்பதற்கு ஒப்பானது. சான்று எவர் கையில் உள்ளதோ அவர் அதனைத் திறந்துகாட்டிக் களைய வேண்டும். இளம் ஆய்வாளர் ஒருவர், மூலச்சான்று கிட்டாத நிலையில், நிலைபெற்ற கருத்தொன்றை ஏற்க இயலாது எனக் கூறி நிற்பது குறையாகாது. பாலாற்றங்கரையில் வாதம் தொடங்கியதும் அத்தகைய வெறும் மறுத்தலில்தான். நீர் கெடவில்லை என்றோர்க்கு, கெட்டுவிட்டது என்று குடித்துப் பார்த்தவர் கூறிய மறுமொழியில் ஆய்வுமுறை எதுவும் இல்லை. ஆய்வுக்கான தேவையை எழுப்பியது அதுவே.

முடிவுரை

மறுத்தலும் களைதலும் தமிழ் மரபு வேறாக எண்ணிய செயல்கள். மறுத்தல் கருத்துவேறுபாடு உண்டு என அறிவிக்கிறது. களைதல் எதிர்க்கருத்துக்குள் சென்று அதன் ஏதுவை நீக்குகிறது. ஏது நீங்கிய அளவிலேயே பக்கம் பொய்யாகிவிடாது என்பதும் உடன் கருதத்தக்கது. இவ்வேறுபாடு பாலாற்று வழக்கில் வெறும் தருக்க நுட்பமாக நிற்கவில்லை. எவர் மறுத்தால் போதும், எவர் களைந்தே ஆக வேண்டும் என்ற வரையறையில்தான் நிலமும் நீரும் இழந்தோரின் முறையீடு செவிகொள்ளப்படுமா என்பது தங்கியிருந்தது. கருவியும் ஆவணமும் உடையோர் களையக் கடமைப்பட்டவர். அவை இல்லாதோர்க்கு மறுக்கும் உரிமையேனும் இருக்க வேண்டும். இவ்வரையறையை நீதிமன்றம் 1996இல் ஆலைகளுக்கு விதித்தது. ஆய்வுலகம் அதனைத் தனக்குத் தானே விதித்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.